பாதி வழியில் ஒரு பண்டிகை

மெக்கானிக் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட அதன் வயிற்றுக்கு அடியில் நின்ற நேரம்தான் அதிகம். முப்பத்தோரு வருட சர்வீஸ். பட்டப்பகலிலும் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார் என்பதால் விமான நிலையத்தில் அவருக்கு ‘டார்ச்லைட்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது அவருக்குத் தெரியும். அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்த வேலை அவருக்குக் கொடுத்த ஒரே ராஜமரியாதை, வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்துக்கு இலவச டிக்கெட். மகள் கல்யாணமாகி, பறந்தால் இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய ஊரில் குடியேறிய நாளிலிருந்து வருடா வருடம் பண்டிகைக்கு அந்த டிக்கெட்டில்தான் வந்துபோனாள். விண்ணப்பத்தில் மகள் பெயர், மாப்பிள்ளை பெயர், பிறகு பேத்தி பெயர் என்று அச்சடித்த மாதிரி எழுதி மேலாளர் மேஜையில் வைப்பார். கையெழுத்தாகும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். வாயால் பாசம் காட்டத் தெரியாத மனிதர். காட்ட வேண்டியதையெல்லாம் அந்த விண்ணப்பத்தில் காட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் மகள் போனில், “டிக்கெட் போடாதீங்கப்பா. இனிமே நாங்க ப்ளேன்ல வர்றதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்” என்றாள்.

அவளுக்கு நீர்வளத் துறையில் வேலை. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். மூன்று வருடமாக அளக்கிற கோல் இருக்கிறது, அளக்கத் தண்ணீர்தான் இல்லை. வானம் ஏன் இப்படிக் காய்கிறது, புகை எங்கே போகிறது, நாம் செய்வதில் எது எங்கே போய் நிற்கிறது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். மெக்கானிக் முழுதாகக் கேட்டார். கடைசியில், “வர மனசில்லன்னா நேரா சொல்லிடலாம்” என்று போனை வைத்துவிட்டார்.

அதோடு மூன்று வாரம் மகளோடு பேச்சுவார்த்தை இல்லை.

“அவ ப்ளேன்தான் வேணாம்னா. உங்கள வேணாம்னு சொல்லல” என்றாள் மனைவி.

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். வாழ்நாள் முழுக்க ஒருவர் ஒரு வேலையைச் செய்திருக்கிறார். அதைத் தொட மாட்டேன் என்று பெற்ற பிள்ளையே சொன்னால், தன்னையே தள்ளி வைத்த மாதிரிதானே இருக்கும்? மகள் கைவிட்டுப் போய்விட்டாளோ என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது. அந்தப் பயத்துக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் கோபம்.

மனைவி கோபத்தையெல்லாம் சட்டை செய்கிற ரகம் இல்லை. போனில் ரயில் அட்டவணையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் கணக்குப் போட்டாள். முழுத் தூரமும் ரயிலில் வந்தால் முப்பத்துநாலு மணி நேரம். மகளுக்குக் கிடைத்த லீவு நாலே நாள். வந்து முகம் கழுவுவதற்குள் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் சரிபாதியில் ஒரு ஜங்ஷன் இருந்தது.

“அவங்க அங்கேர்ந்து வரட்டும், நாம இங்கேர்ந்து போவோம். பண்டிகை அங்க” என்றாள்.

“முன்னப் பின்ன தெரியாத ஊர்ல, ஸ்டேஷன் வாசல்லயா பண்டிகை?”

“நம்ம நாலஞ்சு பேரு எங்க இருக்கமோ அங்கதான் பண்டிகை. லீவு எழுதிக் குடுங்க.”

மகள் தன் பங்குக்கு ஒரு பட்டியல் அனுப்பினாள். சாப்பிடத் தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்தே எடுத்துவர வேண்டும். புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. பரிசு தரவேண்டுமென்றால் வீட்டில் சும்மா கிடப்பதில் நல்லதாக ஒன்றைப் பார்த்துத் தரலாம். மனைவி உற்சாகமாகிவிட்டாள். மாப்பிள்ளைக்கு என்று, மெக்கானிக் பத்து வருடமாகத் தொடாத பைனாகுலரைத் துடைத்து வைத்தாள்.

மெக்கானிக் நேராகக் கடைத்தெருவுக்குப் போனார். பேத்திக்கு ஒரு பொம்மை விமானம் வாங்கினார். பேட்டரி போட்டால் இறக்கை நுனியில் விளக்கு எரியும், சத்தம் போட்டுக்கொண்டு தரையில் ஓடும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குள் இன்னொரு பிளாஸ்டிக், அதற்குமேல் பளபளவென்று ஒரு தாள். சந்தேகமே வேண்டாம், வேண்டுமென்றேதான் வாங்கினார். மனைவிக்குத் தெரியாமல் துணி சுற்றித் தன் பயணப் பெட்டிக்குள் அடியில் வைத்தார். அறுபதை நெருங்குகிற மனிதர் செய்கிற வேலையா இது?

ரயிலில் பதினேழு மணி நேரமும் அவர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்தார். ‘இந்தக் கையால சம்பாதிச்ச சோறு மட்டும் இனிச்சுதா?’ மகளைப் பார்த்ததும் கேட்டுவிடுவது என்று முடிவு. நடுவில் மேல் படுக்கையின் சங்கிலிக் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, கீழே படுத்திருந்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டார்.

காலையில் ஜங்ஷனில் இறங்கியபோது எதிர் பிளாட்பாரத்தில் மகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் அலைந்து கறுத்திருந்தாள், இளைத்தும் இருந்தாள். ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டு, “பேச மாட்டீங்களாப்பா?” என்றாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

ஸ்டேஷனுக்கு எதிரே லாட்ஜ். பத்துக்குப் பத்து அறை இரண்டு, நடுவில் ஒரு வராந்தா, வராந்தா முனையில் குழாய். மாப்பிள்ளை தூக்குச்சட்டிகளோடு போய் மெஸ்ஸில் சாப்பாடு வாங்கிவந்தார். மெஸ்காரர், “எல்லாரும் இப்படி வந்தா எனக்கு டப்பா வாங்கற செலவு மிச்சம் சார்” என்று ஒரு கரண்டி கூடப் போட்டாராம். கட்டிலை நகர்த்திவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை பைனாகுலரை வாங்கியதும் ஜன்னலுக்குப் போய்விட்டார். மகள் அம்மாவுக்குத் தன் காட்டன் புடவை ஒன்றைத் தந்தாள். இந்தப் பண்டிகையும் நல்லாத்தான் இருக்கிறது என்று மெக்கானிக்குக்கே தோன்றியது. தோன்றியதில் எரிச்சலும் வந்தது.

அந்த நேரம் பார்த்து, அவர் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த பேத்தி விமானத்தை வெளியே இழுத்துவிட்டாள்.

மனைவி பார்த்த பார்வையில் அவர் பஸ்பமாகியிருக்க வேண்டும். மகள் அந்தப் பிளாஸ்டிக் குவியலைப் பார்த்தாள், பிறகு தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐந்து வயதுக்காரிக்கு இந்த அரசியல் எதுவும் தெரியாது. விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு, “தாத்தா, இது எண்ணெய் குடிக்குமா?” என்றாள்.

“இது குடிக்காது. பேட்டரி.”

“நீங்க ரிப்பேர் பண்றது?”

“அது குடிக்கும்.”

“எவ்ளோ? நம்ம வீட்டுக்கு வர எவ்ளோ குடிக்கும்?”

மகளின் முதுகு அசையாமல் நின்றது. அவர் மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இயந்திரம் பற்றி யார் என்ன கேட்டாலும் தப்பான எண்ணைச் சொல்ல அவருக்கு வராது.

“ஒரு தடவ வர அஞ்சு டன்னுக்கு மேல.”

“டன்னுன்னா?”

அவர் சுவரிலிருந்து சுவருக்குப் பார்த்தார். மனசுக்குள் கணக்குப் போட்டார். “அத்தனையும் இந்த ரூம்ல ஊத்தினா, உன் இடுப்புக்கு மேல நிக்கும்.”

பேத்தி தரையைப் பார்த்தாள். பிறகு விமானத்தை அங்கேயே வைத்துவிட்டு, மெதுவாகக் கட்டிலில் ஏறி, இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் முப்பத்தோரு வருடம் காகிதத்தில் எழுதிப் பார்த்த எண் அது. ஒரு குழந்தை அதற்குப் பயந்து காலைத் தூக்குவதை இப்போதுதான் பார்க்கிறார்.

மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் தேய்த்தாள், அவர் அலசினார். வெளியே ஏதோ ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது.

“அந்தக் கணக்கு உங்களுக்கு எப்போலேர்ந்துப்பா தெரியும்?”

“வேலைக்குச் சேர்ந்த மூணாவது நாள்லேர்ந்து. ஒவ்வொரு ப்ளேனும் எவ்வளவு ஏத்துது, எவ்வளவு மிச்சம் கொண்டுவருதுன்னு நான்தானே பார்க்கறேன். நீ புள்ளிவிவரம் படிச்சுத் தெரிஞ்சுகிட்ட. நான் கண்ணால பார்த்துட்டு நிக்கறேன்.”

“ஏன் சொன்னதில்ல?”

“யார்கிட்டச் சொல்றது? உன் ஸ்கூல் ஃபீஸ் அதுலதான் கட்டினேன். உங்கம்மா ஆபரேஷனும் அதுலதான். ஏறினவங்க அத்தன பேரும் பத்திரமா இறங்கறாங்களான்னு பாத்தேன், அது என் வேல. புகையப் பாக்கறது என் வேல இல்லன்னு வச்சுகிட்டேன்.” அவர் ஒரு டம்ளரை இரண்டாவது தடவை அலசினார். “நீ வேணாம்னு சொன்னது தப்பா இருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். சரியா இருந்துச்சு. அதான் கோவம். இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போறவன், இப்ப போய் செஞ்சது அத்தனையும் தப்புன்னு எப்படிம்மா ஒத்துக்கறது?”

மகள் குழாயை மூடினாள். கை முழுக்கச் சோப்பு நுரை.

“உங்ககிட்டச் சொல்ல ஆறு மாசம் பயந்துட்டிருந்தேன். டிக்கெட்ட வேணாம்னா என்னையே வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு.” நுரையை வழித்துவிட்டாள். “அப்பா, நீங்க செஞ்சது தப்பில்லன்னு நான் சொன்னா நம்புவீங்களா?”

அவர் யோசித்துப் பார்த்தார். பார்க்காததற்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

“மாட்டேன்” என்றார். பிறகு குரல் உடைந்து, “இருந்தாலும் ஒரு தடவ சொல்லும்மா” என்றார்.

அவள் சொன்னாள். அவர் கழுவின தட்டையே மறுபடி கையில் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.