மில் கேலரி ஏன் ஊமையானது

நெவில் ஹார்க்கர் சம்பளம் வாங்குவது காதை வைத்துத்தான். ஹால்பெக் ஊரின் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. நீளமான கம்பி ஒன்றைத் தெருவில் ஊன்றி, மேல்முனையில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்களுக்கு ஆள் கழன்றுவிட்டார் என்று தோன்றும். ஆனால் தரைக்குக் கீழே ஐந்தடியில் தண்ணீர் சீறுகிற இடத்தைச் சாண் பிசகாமல் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதுக்கு, மில் கேலரி ஊமையாகிப் போனது பல்வலி மாதிரி இருந்தது. நாள் முழுக்க விண் விண் என்று தெறித்தது.

மில் கேலரி, ஹால்பெக் டவுன் கால்பந்து கிளப்பின் மைதானத்தில் வடக்குக் கோலுக்குப் பின்னால் இருப்பது. பழைய நூற்பாலைச் சுவரை ஒட்டிக் கட்டியது, தகரக் கூரை. அங்கே ஆயிரம் பேர் கத்தினால் ஐயாயிரம் பேர் கத்துவது மாதிரி கேட்கும். நெவிலுக்கு அங்கே முப்பத்து நான்கு வருடமாக ஒரே நாற்காலி. நாற்காலி என்பது பேச்சுக்குத்தான். மேட்ச் நடக்கும்போது அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை. இந்த வருடம்தான் உட்கார்ந்தார்கள். கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர்கள் போல ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

ஜனவரியில் தலையில் இடி விழுந்தது. கிளப்பை வாங்கி மூன்று வருடமான முதலாளி ஜூலியன் ஸ்ட்ராட், பார்சல் கிடங்குகள் வைத்துப் பெரிய ஆளானவர், ரசிகர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். நான்கே வருடத்தில் மேல் டிவிஷன் என்பது அவர் லட்சியமாம். மில் கேலரியில் உயிரே இல்லையாம். கூரையில் கருவி மாட்டிச் சத்தத்தை அளந்தே பார்த்துவிட்டாராம். ஆகவே கோடையில் அதை இடித்துவிட்டு, கண்ணாடி போட்ட விருந்தினர் அறைகள் கட்டப் போகிறாராம். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ரசிகர் கூட்டம். சொல்ல வேண்டியதை அங்கே சொல்லலாம் என்று முடித்திருந்தார்.

"சத்தம் இல்லைன்னா இடிச்சிருவானா? அப்ப ஊர்ல இருக்கிற லைப்ரரியை எல்லாம் மொதல்ல இடிக்கட்டும்," என்றார் பெரில் டகெட்.

நெவிலுக்கு இடப்பக்க நாற்காலி பெரிலுடையது. சந்தையில் கசாப்புக் கடை வைத்திருக்கும் பெண்மணி. பிஷப்பே வந்து நின்றாலும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். வலப்பக்கம் டெஸ்மண்ட் பிரைஸ், தபால்காரர். சாப்பிடும்போதுகூட உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி ஆட்ட வியூகம் போட்டுக் காட்டும் ஆசாமி.

"காரணம் ஒண்ணே ஒண்ணுதான். நம்ம ஆட்டம்," என்றார் டெஸ்மண்ட். "கோல்கீப்பர் பந்தைத் தூக்கி முன்னாடி அடிக்க மாட்டேங்கிறான். பக்கத்துல நிக்கிறவனுக்குத் தட்டுறான், அவன் திருப்பி இவனுக்கே தட்டுறான். ரெண்டு பேரும் தட்டி முடிக்கிறதுக்குள்ள நான் நாலு தெருவுக்குத் தபால் போட்டுட்டு வந்துருவேன். எவனுக்குக் கத்தத் தோணும்?"

"பந்து நம்மகிட்டயே இருந்தா அவன் எப்படிக் கோல் போடுவான்? கோச்சு அப்படித்தான்யா யோசிக்கிறாரு," என்றார் நெவில்.

"நாமளும்தான் போடலையே!"

"கோச்சை எதுக்கு கண்ணு திட்டுற?" என்று பெரில் குறுக்கே விழுந்தார். "எல்லாம் மேல சோபாவுல உட்கார்ந்திருக்கான் பாரு, அவன் வேலை. ஸ்பீக்கர்ல காது கிழியப் பாட்டு. நாம தொண்டையைச் செருமுறதுக்குள்ள பெரிய திரையில சோப்பு விக்கிறான். லட்சியமாம் லட்சியம்! ஒரு உருப்படியான ஸ்ட்ரைக்கர் வாங்கத் துப்பில்ல."

நெவில் இரண்டு பேர் சொன்னதையும் மனதில் போட்டுக்கொண்டார். குழாயில் கசிவு எங்கே என்று தெரியாதபோது அவர் ஊரையே தோண்டுவதில்லை. ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்ப்பார். எதை மூடினால் சத்தம் மாறவில்லையோ, கசிவு அங்கே இல்லை. இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதல் வால்வு தானாகவே மூடியது. பிப்ரவரியில் கோல்கீப்பருக்குக் கணுக்கால் பிசகிவிட, மாற்று கீப்பர் வந்தான். அவனுக்குத் தட்டி ஆடவே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நாற்பது கஜம் தூக்கி அடித்தான். டெஸ்மண்ட் கேட்ட அதே ஆட்டம். மூன்று கோலில் ஜெயித்தார்கள். கோல் விழும்போது எல்லோரும் எழுந்து குதித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். அரை நிமிடம்தான், மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். நெவில் கண்ணை மூடிக் கேட்டார். யாரோ சிப்ஸ் பொட்டலம் பிரிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

இரண்டாவது வால்வு இரண்டு வாரம் கழித்து மூடியது. மழையில் மின்கம்பி கெட்டு ஸ்பீக்கரும் திரையும் அணைந்துவிட்டன. பெரில் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப பாரு கண்ணு, கூரை பிய்யும்." கூரையில் மழை சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. நான்கு வரிசை தள்ளி ஒருவர் இருமியதற்கு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப என்னதான்யா காரணம்?" என்று டெஸ்மண்ட் எரிச்சலோடு கேட்டார்.

"தெரியல," என்றார் நெவில். அவருக்குத் தூக்கம் போனதே அதனால்தான். கேலரி போகப் போகிறதே என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவரால் சும்மா இருக்க முடியாது.

மார்ச் இரண்டாம் வாரம் ஸ்கெல்பி ஊருக்குப் போய் ஆட வேண்டிய மேட்ச். ஸ்கெல்பி பதினோரு மைல் தூரம்தான். ஆனால் இந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையில் பால் திரிந்துவிடும். ஹால்பெக்கிலிருந்து ஐந்நூறு பேர் பஸ்களில் போனார்கள். அவர்களை மைதானத்தின் ஒரு மூலையில் அடைத்தார்கள். பக்கத்திலேயே ஸ்கெல்பிக்காரர்கள்; நடுவில் ஆறு வரிசை நாற்காலிக்கு மேல் விரித்த வலையும், மஞ்சள் கோட்டுக் காவலர்களும்.

வலைக்கு அந்தப் பக்கம் அந்தத் தடியன் நின்றிருந்தான். வழுக்கைத் தலை, கழுத்தில் நீலப் பட்டை போட்ட மப்ளர். ஹால்பெக்கில் ஆடினாலும் ஸ்கெல்பியில் ஆடினாலும் வலை ஓரமாக வந்து நின்றுவிடுவான். இருபது வருடமாக அவனும் நெவிலும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். பெயர் என்னவென்று இருவருக்கும் தெரியாது; அவனுக்கு இவர் 'மீசை', இவருக்கு அவன் 'தடியன்'.

"ஏய் மீசை!" என்று தடியன் ஆரம்பித்தான். "வாயை எதுக்கு வச்சிருக்க? கறி பஃப்ஸ் திங்கவா?"

ஐந்நூறு பேரும் பாட்டாலேயே பதில் சொன்னார்கள். நெவிலும் கத்தினார். கத்திக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினார். சத்தம் காதை அடைத்தது. இதே தொண்டைகள்தான்! பெரில், டெஸ்மண்ட், முன்வரிசை இரட்டையர்கள், எல்லோரும் மில் கேலரி ஆட்கள். அங்கே ஊமை, இங்கே இடிமுழக்கம். ஆட்டமும் மட்டம், பழைய கீப்பர் கால் தேறி வந்து மறுபடி தட்டிக்கொண்டிருந்தான்.

"அடுத்த மாசம் உங்க ஊருக்கு வர்றோம்!" என்று தடியன் கத்தினான். "எங்களைத் தூக்கித் தெற்கு மாடி மூலையில போட்டுட்டீங்களாமே! எங்க வாயைப் பார்த்துப் பயமாடா, மீசை?"

ஹால்பெக் கூட்டம் இன்னும் ஆவேசமாகப் பாடியது. நெவில் மட்டும் வலையையும் தடியனையும் மாறி மாறிப் பார்த்தார். கசிவு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அங்கே குழாயை உடைத்தவர் அவரேதான்.

போன கோடை வரை வெளியூர்க்காரர்களுக்கு மில் கேலரியின் பக்கத்து மூலைதான் இடம். அவர்கள் கொட்டு அடித்தார்கள், அம்மாவையும் அக்காவையும் இழுத்துப் பேசினார்கள், எச்சில் கோப்பையை வீசினார்கள். "இவங்களைக் கண்காணாத இடத்துக்கு மாத்துங்க" என்று மனு எழுதி, பப் பப்பாக ஏறி இறங்கி, இரண்டாயிரத்து முந்நூறு கையெழுத்து வாங்கியது சாட்சாத் நெவில் ஹார்க்கர். ஸ்ட்ராட் ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டார். இந்த மூன்று வருடத்தில் அந்த மனிதருக்கு ரசிகர்கள் கைதட்டியது அந்த ஒருமுறைதான். மூலையைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். குழந்தைகள் சமர்த்தாக ஐஸ்கிரீம் சாப்பிட்டன. மில் கேலரிக்குத் திருப்பித் திட்ட ஆளில்லாமல் போயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரில் கேட்டார்: "என்ன கண்ணு, பேயறைஞ்ச மாதிரி இருக்க? ஒண்ணுக்கு ஒண்ணு டிராதானே!"

"ஒண்ணுமில்ல," என்றார் நெவில். ஸ்கெல்பிக்காரர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று பெரிலிடம் எந்த வாயால் சொல்வது? அவர் கையில் எப்போதும் கத்தி வைத்திருக்கிற தொழில் பார்ப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முந்நூறு பேர் வந்திருந்தார்கள். கிளப் மண்டபம், தாழ்ந்த கூரை. மேசை மேல் ஸ்ட்ராட் சத்தம் அளக்கும் கருவியை வைத்திருந்தார். அதன் எண்கள் பின்னால் சுவரில் பெரிதாகத் தெரிந்தன. கத்த வேண்டும் என்று வந்தவர்களுக்கு அவர் அமைதியாக விளக்கினார். இந்த சீசனில் கோல் விழுந்த நொடிகளைக் கழித்துவிட்டால், மில் கேலரி ஒருமுறைகூட எண்பது டெசிபலைத் தாண்டவில்லை. யாராலும் மறுக்க முடியவில்லை. டெஸ்மண்ட் எழுந்து கோல்கீப்பரைப் பற்றிச் சொன்னார். பெரில் எழுந்து சோப்பைப் பற்றிச் சொன்னார். ஸ்ட்ராட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டலைப் பார்த்தாலே கேலரி போய்விட்டது என்று தெரிந்தது.

நெவில் எழுந்தார்.

"மிஸ்டர் ஸ்ட்ராட், கேலரி செத்ததுக்குக் கோச் காரணமில்ல. நீங்களும் காரணமில்ல. நான்தான். அந்த மனுவை நான்தான் எழுதினேன்." தொண்டையைச் செருமினார். "நாங்க எந்தக் காலத்துலயும் தானாப் பாடினதே இல்ல சார். பக்கத்துல நின்னு அவங்க திட்டுவாங்க, நாங்க பதில் சொல்லுவோம். எங்க பாட்டு எல்லாமே பதில்தான். வெளியூர்க்காரங்களைப் பழைய மூலைக்கே கொண்டுவாங்க. மொதல்ல ஸ்கெல்பிக்காரங்களை."

மண்டபம் வெடித்தது.

"துரோகி!"

"மீசை, நீ ஸ்கெல்பிக்கே போய்ச் சேரு!"

"ஆளை வெளிய தள்ளுங்கடா!"

நாற்காலிகளைத் தரையில் இடித்தார்கள். டெஸ்மண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நெவிலுக்கு உண்மையிலேயே வலித்தது. பக்கத்தில் பெரில் எழுந்து நின்று, "அவ்வளவு பாசமா இருந்தா உன் வீட்டுல கூட்டிவந்து வச்சுக்கோ கண்ணு!" என்று கத்திவிட்டு, ஸ்கெல்பியைத் திட்டுகிற பழைய பாட்டை அடிவயிற்றிலிருந்து எடுத்தார். முந்நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பத்து மாதமாக ஹால்பெக்கில் நெவில் கேட்காத சத்தம் அது. அவரைத் திட்டித்தான் பாடினார்கள். இருந்தும் கண்ணை மூடி ரசித்துக் கேட்டார்.

கண்ணைத் திறந்து சுவரைக் காட்டினார். பாட்டு தடுமாறி நின்றது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஸ்ட்ராட்டும் திரும்பிப் பார்த்தார்.

"நூத்தி மூணு," என்றார் ஸ்ட்ராட் மெதுவாக. அந்த மூன்று வருடத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் வியாபாரம் இல்லாமல் ஆச்சரியம் தெரிந்தது. "முந்நூறு பேருக்கா?"

"பேரைச் சொன்னதுக்கே இப்படி சார்," என்றார் நெவில். "ஆளே வந்து நின்னா?"

ஸ்ட்ராட் கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்தார், கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்துகொள்வது போல. "ஒரே ஒரு மேட்ச். ஸ்கெல்பி மேட்ச். நூறைத் தாண்டினா கேலரி இருக்கும், வெளியூர்க்காரங்களும் பழைய மூலையிலேயே இருப்பாங்க. தாண்டலைன்னா ஜூன்ல இடிக்கிறேன்."

அடுத்த நான்கு வாரம் பெரிலும் டெஸ்மண்டும் நெவிலிடம் பேசவில்லை. கசாப்புக் கடையில் அவருக்கு எலும்பாகப் பார்த்துப் போட்டார் பெரில்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. ஐஸ்கிரீம் குடும்பங்கள் தெற்கு மாடிக்குப் போயிருந்தன. மூலையில் புது வலை. இரண்டே முக்காலுக்கு ஸ்கெல்பிக்காரர்கள் அறுநூறு பேர் கொட்டோடு நுழைந்தார்கள். முன்னால் அந்தத் தடியன். வந்ததும் மில் கேலரியைப் பார்த்தான், உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்றான். பின்னாலிருந்து அறுநூறு குரல்கள் ராகம் போட்டுக் கேட்டன: "லைப்ரரியா இது? லைப்ரரியா?"

மடக் மடக்கென்று நாற்காலிகள் மடங்கின. மில் கேலரி எழுந்து நின்றது. முதல் குரல் பெரிலுடையது. அப்புறம் யார் குரல் எது என்று நெவிலின் காதாலும் பிரிக்க முடியவில்லை. அவருக்குப் பாட வரவில்லை. கண் கலங்கிவிட்டது. வெறுத்து வெறுத்துப் பழகிய ஒரு முகத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அவர் நினைத்ததில்லை.

இடைவேளையில் திரையில் சோப்பு விளம்பரத்துக்குப் பதில் ஓர் எண் வந்தது: நூற்றுப் பதினொன்று. டெஸ்மண்ட் தன் கறி பஃப்ஸில் பாதியைப் பிய்த்து, சூடான இறைச்சி வழிய வழிய, நெவில் கையில் வைத்தார்.

ஆட்டத்தில் ஹால்பெக் மண்ணைக் கவ்வியது. கீப்பர் பக்கத்தில் தட்டிய பந்தை ஸ்கெல்பிக்காரன் பிடுங்கி அடித்தான், அப்படியே இன்னொன்றும். இரண்டு கோல் வாங்கியும் மில் கேலரி நிறுத்தவில்லை.

கூட்டம் கலையும்போது தடியன் வலையோரம் வந்தான். "ஏய் மீசை! ரெண்டு வாங்கிட்டு எதுக்குடா இளிக்கிற?"

நெவில் வலையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினார்: "அடுத்த வருஷமும் இங்கயே வந்து நில்லுடா, தடியா!"

படியில் காத்திருந்த பெரில், நான்கு வாரத்தில் முதல்முறையாகப் பேசினார். "என்ன கண்ணு சொன்ன அவன்கிட்ட?"

"திட்டினேன்."

"நல்லாத் திட்டினியா?"

"இருபது வருஷத்துல இவ்வளவு நல்லாத் திட்டினதே இல்ல," என்றார் நெவில்.