அன்பளிப்புக் கடிதம்

இருட்டு இன்னும் முழுசாகக் கலையவில்லை. அர்ஜுனன் தளம் போடுவதற்காக அடித்திருந்த சென்ட்ரிங் தகடுகளின் மேல் முழங்கால் போட்டு ஊர்ந்துகொண்டிருந்தான். கையில் செல்போன் வெளிச்சம். கம்பிக் கூட்டுக்கு அடியில் எங்கே சந்து விட்டிருக்கிறது, எங்கே சிமெண்ட் பால் ஒழுகிப்போகும் என்று மூட்டு மூட்டாகப் பார்த்து, நனைத்த சாக்குத் துண்டைத் திணித்து அடைத்தான். கம்பி முனை முழங்காலைக் கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலிக்கவில்லை. நாலு மாதமாகவே அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. பெண்டாட்டி ரேவதி சோறு போட்டால் தின்பான், போடாவிட்டால் கேட்கமாட்டான்.

கீழே கங்கையம்மாள் ஜல்லியை மண்வெட்டியால் வழித்துச் சட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷமாகச் சித்தாள் வேலை. கழுத்து நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருக்கும், வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது. "மேஸ்திரி, நாஷ்டா வந்திருக்குது. எறங்கி வந்து ரெண்டு இட்லியாவது துன்னுட்டுப் போ. பட்டினியா நின்னு மேல இருந்து நீயும் வுழுந்து வைக்காத" என்று கத்தினாள். பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விழுந்தவன் யுவன். ரேவதியின் தம்பி, இருபத்து நாலு வயசு. இதே கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தபோது சாரக் கயிறு அறுந்தது. பட்டுக்கடைக்காரர் சபாபதி கோயிலுக்கு வரும் டூரிஸ்ட் பஸ்களை நம்பி எழுப்புகிற மூன்று மாடிக் கடை இது. யுவன் ஜல்லிக் குவியலின் மேல் மல்லாக்க விழுந்தான். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஐயம்பேட்டையில் எட்டு வருஷமாக வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீட்டில்தான் யுவனும் கிடக்கிறான். கக்கூஸ் வாசலில் சக்கர நாற்காலி நுழையாது. ரேவதிதான் அவனை அக்குளில் கைகொடுத்துத் தரையோடு இழுத்துப் போவாள். அரை மணி நேரம் கிடைத்தால் அந்த வாசலை இடித்து அகலமாக்கி, ஊருக்கெல்லாம் வாசல் வைக்கிற தன் கையால் பூசிவிடுவான் அர்ஜுனன். ஆனால் வீடு வீராசாமியினுடையது. "விக்கப்போற வீட்டுல செங்கல்லைத் தொடாதபா. ஆவணி முடியறதுக்குள்ள நீ வாங்கிக்கிறதா இருந்தா வாங்கிக்க. இல்லன்னா வெளிய ஆளு ரெடியா இருக்குது" என்று அவர் சொல்லியிருந்தார். படுத்த படுக்கையாக ஒரு பையன் இருக்கும் குடும்பத்துக்கு வேறு யார் வாடகைக்குத் தருவார்கள்? கேட்டுப் பார்த்துவிட்டாள் ரேவதி. நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

வீட்டுக் கடனுக்கு அர்ஜுனன் பங்குனியிலேயே மனுப் போட்டிருந்தான். சம்பளச் சீட்டு இல்லாத ஆளை எந்த பேங்க் மதிக்கிறது! கடைசியில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிப் பையன், விக்னேஷ் என்று பேர், வழி சொன்னான்: "அண்ணா, கூலின்னு போட்டா ஃபைல் நகராது. சுயதொழில், கட்டட கான்ட்ராக்டர்னு வேலை குடுக்கிறவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கினு வந்துடுங்க." சபாபதியின் கணக்குப்பிள்ளை குமரகுரு மறுநாளே கடை முத்திரையோடு லெட்டர் கொடுத்தான். அன்றிலிருந்து வாரா வாரம் எல்லாருடைய கூலிக்கும் அர்ஜுனனிடமே கையெழுத்து வாங்கினான். அதில் என்ன சூது இருக்கும் என்று இவன் யோசித்தானா? யோசிக்கவில்லை. பெருமையாக விசிட்டிங் கார்டு வேறு அடித்துக்கொண்டான். சாரம் கட்டும் முனிசாமி, "இன்னா கான்ட்ராக்டர் சார், டீக்கு துட்டு நீங்கதான்" என்று ஒரு வாரம் ஓட்டினான்.

கையிலிருந்து போடவேண்டிய மூன்று லட்சம்தான் இடித்தது. யுவன் விழுந்த மாதம் சபாபதி அவன் கணக்கில் அதே மூன்று லட்சத்தைப் போட்டார். யுவன் அதைத் தொடவில்லை.

"அக்கா, இதை வீட்டுக்கு வச்சுக்க. நான் குடுக்கிறேன். திருப்பிக் கேக்கமாட்டேன்" என்றான்.

"உன் வைத்தியத்துக்குடா அது" என்று ரேவதி அழுதாள்.

"வைத்தியத்துக்கு எங்க போனாலும் கக்கூஸுக்கு இங்கதான வரணும்? இருபத்து நாலு வயசுல அக்காவுக்கு வீடு வாங்கிக் குடுத்த தம்பி இந்த ஊர்லயே நான்தான். மாமா, அன்பளிப்புன்னு கொட்டை எழுத்துல எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

அர்ஜுனனுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. எழுதினான், அவ்வளவுதான்.

விக்னேஷ் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "கிஃப்ட் லெட்டர் ஓகே அண்ணா. ஆனா இவருக்கு இந்தப் பணம் எப்படி வந்துச்சுன்னு மேல கேப்பாங்க. போட்டவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடுங்க. அவ்ளோதான், லோன் கைல வந்த மாதிரி." சபாபதியிடம் கேட்டார்கள். தளம் போடுகிற அன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நாள்தான் இது.

தளம் போடுகிற நாளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. கலவை விழ ஆரம்பித்தால் கடைசிச் சட்டி வரைக்கும் நிறுத்தக் கூடாது, நின்றால் தளத்தில் விரிசல் கண்டுவிடும். அதனால் முதலாளி நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் ஏற்றுவார். மேஸ்திரி முதல் சட்டியைக் கொட்டுவான். அப்புறம் வரிசையாக ஆள் நின்று கைமாற்றுவார்கள். மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி. சபாபதி வீட்டில் முட்டைகூட நுழையாது, ஆனால் ஆட்களுக்குப் பிரியாணி சொல்லியிருந்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏழு மணிக்குச் சபாபதி வந்தார். நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி. ஜல்லி படாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து மாடியேறினார். பின்னால் குமரகுரு கடிதத்தோடு.

"இந்தாப்பா அர்ஜுனா. நீ கேட்டது. படிச்சுப் பாத்துக் கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடு. ஒரு காப்பி உனக்கு, ஒரு காப்பி எனக்கு" என்றார்.

எட்டாவது வரைக்கும் படித்தவன் அர்ஜுனன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தான். ஒரு வரியில் விரல் நின்றது.

"இன்னா மொதலாளி, யுவனை என் ஆளுன்னு போட்டிருக்குது?"

"நீதானப்பா கான்ட்ராக்டர். நீயே கேட்டு வாங்கிக்கினு போன லெட்டர் இருக்குதே."

"அது லோனுக்குங்க. கூலி நீங்க குடுத்தீங்க. நான் பிரிச்சுக் குடுத்தேன்."

"ரசீதுல அப்படி இல்லையே. எல்லாம் உன் கையெழுத்துதான?" சபாபதி குரலை உயர்த்தவே இல்லை. "சட்டப்படி பாத்தா எனக்கும் அந்தப் பையனுக்கும் சம்பந்தமில்ல. மனசு கேக்காம மூணு லட்சம் குடுத்தேன். என் தறியில நெய்யற ஆளுங்களுக்கும் நல்லது கெட்டதுக்கு நான்தான் செய்யறேன். குடுத்ததை அன்பளிப்புன்னு எழுதினா உனக்கு இன்னா நஷ்டம்? உனக்கும் அந்த வார்த்தைதான வேணும்? வீடு வேணாமா?"

குமரகுரு பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

அர்ஜுனன் பேனாவை வாங்கினான். போட்டுத் தொலைக்கலாம் என்றுதான் நினைத்தான், இதில் பொய் சொல்வானேன். ஒரு கையெழுத்து, வீடு வந்துவிடும், ரேவதி தம்பியைத் தரையில் இழுக்கவேண்டாம். மரத்துப்போனவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

"மேஸ்திரி, சத்தமா படி" என்று கங்கையம்மாள் குரல் கொடுத்தாள். சட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே படிக்கட்டில் நின்றிருந்தாள். "நாங்களும் இங்கதான வேல செய்யறோம். எங்க கதை அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு கேக்கறோம்."

"உனக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்றான் குமரகுரு.

அர்ஜுனன் படித்தான். 'மேற்படி அர்ஜுனன் என்னும் சுயதொழில் ஒப்பந்ததாரரின் ஆளான யுவன் அஜாக்கிரதையால் விழுந்ததற்கு, மனிதாபிமான அடிப்படையில் அன்பளிப்பாக. மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை.' குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரேஷன் கடையில் பேர் வாசிப்பதுபோல வாசித்து முடித்தான்.

கம்பி கட்டும் டேனியல் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "அப்போ நாளைக்கு என் கை போச்சுன்னா நான் மேஸ்திரி வீட்டாண்ட போய் நிக்கணும். அவரு வீடே இல்லாம நிப்பாரு. நல்லா இருக்குதுபா இந்த ஏற்பாடு!"

"அஜாக்கிரதையாமே!" என்றாள் கங்கையம்மாள். "அந்தப் பையன் வாயில வெத்தலகூட போடமாட்டான், மேல கவனம் போயிடும்னு."

முனிசாமி மட்டும் ஓரமாகத் தள்ளி நின்றான். சாரம் கட்டியவன் அவன். நாலு மாதமாக யுவனைப் பார்க்க வராதவனும் அவன் ஒருவன்தான்.

"நல்ல நேரம் போவுது. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம், முதல் சட்டியைப் போடு" என்று குமரகுரு அவசரப்படுத்தினான். மிக்சர் சுற்ற ஆரம்பித்தது. கற்பூரம் எரிந்தது. கலவை நிறைந்த சட்டியை அர்ஜுனன் கையில் கொடுத்தார்கள். கனத்தது. தூக்கிக்கொண்டு தளத்தின் ஓரம் வரைக்கும் போனான். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் யுவன் விழுந்த இடம் தெரியும். பார்த்தான். சட்டியைக் கொட்டாமல் அப்படியே பலகைமேல் வைத்தான்.

"யுவன் உங்க ஆளுன்னு எழுதுங்க மொதலாளி. அடுத்த நிமிஷம் தளம் வுழும்."

டேனியல் போய் மிக்சரை நிறுத்தினான். கங்கையம்மாள் தலையிலிருந்த ஜல்லிச் சட்டியைத் தொம்மென்று இறக்கினாள். அவளுக்குப் பின்னால் படி வரிசையாகச் சட்டிகள் இறங்கின.

"டேய், கலந்த கலவை இறுகிப்போவும்டா!" அதுவரை அப்பா, அப்பா என்று பேசிய சபாபதியின் வாயில் அப்போதுதான் 'டா' வந்தது. "வாலாஜாபாத்துக்கு ஒரு போன் போட்டா இருபது பேரு வந்து எறங்குவானுங்க. உனக்கு வீடும் இல்ல, இனிமே இந்த ஊர்ல வேலையும் இல்ல."

"போடுங்க. அவங்களுக்கும் இந்த லெட்டரைப் படிச்சுக் காட்டிட்டுப் போறோம்" என்றான் டேனியல்.

இறங்கி நடந்தார்கள். பிரியாணி அண்டா அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கியது. கங்கையம்மாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சே, சீரகச் சம்பாடி!" என்றாள். ஒருத்தருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அர்ஜுனன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு வந்தது வேறு. பயம். நாலு மாதத்துக்கு அப்புறம் பயமாவது வந்ததே.

கோர்ட்டுக்குப் பின் தெருவில் கலைவாணி என்கிற வக்கீல் இருந்தார். டேனியலின் சித்தப்பாவுக்கு விரல் போனபோது வாதாடி நஷ்டஈடு வாங்கித் தந்தவர். அவர் ஆபீஸ் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது, ஒரு ஆள் ஏறுகிற அளவுக்குக் குறுகலான படி. அர்ஜுனன் போன் பண்ணியதும் ஷேர் ஆட்டோவில் ரேவதி தம்பியைக் கொண்டுவந்து சேர்த்தபோது மணி பதினொன்று. நாற்காலியை ஏற்ற முடியாது. முனிசாமி முன்னால் வந்து குனிந்து முதுகைக் காட்டினான். டேனியல் யுவனைத் தூக்கி அந்த முதுகில் வைத்தான். அர்ஜுனன் பின்னாலிருந்து உயிரில்லாத இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டான்.

"எங்கண்ணா போயிட்ட இவ்ளோ நாளா?" என்று யுவன் முனிசாமியின் காதில் கேட்டான். படி ஏறி முடிவதற்குள் முனிசாமியின் முகமெல்லாம் நனைந்திருந்தது.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அர்ஜுனனைப் பார்த்தார். "நீங்க கான்ட்ராக்டரா? யோசிச்சுச் சொல்லுங்க. ஆமான்னா உங்க லோன் கைக்கு வரும், தம்பி கேஸ் உங்க தலையில வந்து விடியும். இல்லைன்னு எழுதினா லோன் ஃபைல்ல சொன்னது பொய்யாயிடும். வீடு போயிடும். கேஸ் ரெண்டு மூணு வருஷம் இழுக்கும். ஜெயிப்போம்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

அர்ஜுனன் ரேவதியைப் பார்த்தான். ரேவதி தம்பியைப் பார்த்தாள்.

"அந்த அன்பளிப்பை நான் வாபஸ் வாங்கிக்கிறேன் மாமா" என்றான் யுவன். "எனக்கு வரவேண்டியதை மொதல்ல கேட்டு வாங்குவோம். அப்புறம் குடுக்கிறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

ரேவதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சொல்லுய்யா" என்றாள் புருஷனிடம்.

"எழுதுங்கம்மா. அர்ஜுனன். கொத்தனார். நாள் கூலி. சபாபதி மொதலாளிகிட்ட."

வக்கீல் எழுதினார். எழுதி முடிக்கும்வரை முனிசாமி காத்திருந்தான்.

"அடுத்தது என்னுது. சாரம் கட்டினவன் நான். புதுக் கயிறு வேணும்னு ரெண்டு வாட்டி கேட்டேன். இருக்கறதை வச்சுக் கட்டுன்னு சொன்னாங்க. கட்டினேன். எனக்கு இன்னா ஆனாலும் ஆவட்டும், அதை அப்படியே போடுங்க."

அறையில் அதற்கு மேல் நிற்க இடமில்லை. மற்றவர்கள் படிக்கட்டில் கீழ்வரை நின்றிருந்தார்கள்.

"இன்னும் எத்தனை பேர்?" என்று வக்கீல் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஒம்போது" என்றாள் கங்கையம்மாள் மேல் படியிலிருந்து. "பேனாவுல மை இருக்குதா பாத்துக்கம்மா. கங்கையம்மாள், ஊரு மாகறல். சித்தாள். சபாபதி மொதலாளிகிட்ட."

அவளுக்குக் கீழே நின்றவன் தன் பேரைச் சொன்னான்.