தட்டிப் பார்த்த பட்டை

பிக்கப் வேனின் இடதுபக்க மூக்கு நாலு விரல் அமுங்கியிருந்தது. மட்கார்டுக்கும் தரைக்கும் நடுவே சாண் போட்டு அளந்தேன். அது எழுபத்திரண்டாம் வருஷம், தை மாசம். சேலத்தில் என் கொழுந்தியா மகளுக்கு நிச்சயம். மஞ்சவாடிக் கணவாய் இறங்கி, உச்சிப்பொழுதுக்குள் சீர்த்தட்டோடு ஏழு பொம்பளைகள் அந்த வண்டியில் போய்ச் சேரவேண்டும். பட்டறை மேஸ்திரி காளியப்பன் ஊரில் இல்லை. கையாளாக இருந்த நானே ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு மேலே வண்டிப் பாரத்தைத் தாங்கும், வில்லாக வளைந்த கமான் பட்டைகளைக் கழற்றினேன்.

கூட ஒரு பட்டை சேர்த்தால் வண்டி நிமிரும். பழைய இரும்புக் குவியலில் கிடந்த ஒரு பஸ் பட்டையை அளவுக்கு வெட்டினேன். பழைய பட்டையை மாட்டும்முன் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டிப் பார்ப்பது வழக்கம். நல்லது மணி மாதிரி நீளமாகப் பேசும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். தட்டினேன். பக்கத்து ரைஸ் மில் ஓடிக்கொண்டிருந்தது. என் காதில் மில்தான் விழுந்தது. பொம்பளைகள் பூ வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார்கள். மாட்டி முடுக்கிவிட்டேன்.

"தட்டிப் பாத்தியாண்ணா?" என்றான் டிரைவர் குப்புராஜ்.

"பாத்தேன்."

தட்டினது நிஜம்தானே என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

வண்டி மட்டமாக நின்றது. என் சம்சாரம் மதலேனம்மாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள், இடது சக்கரத்துக்கு நேர் மேலே. மூட்டை தூக்கியே ஒருபக்கம் இறங்கிப்போன என் தோளைப் பார்த்தாள்.

"வண்டி நிமிந்துருச்சி. உங்க தோளுக்கும் ஒரு பட்டைய வெச்சிக்கறதுதானுங்க?"

"நிமிந்துட்டா மாமன் நம்மள எங்க பாக்கப்போறாருக்கா," என்றாள் பின்னாலிருந்து ரோசம்மாள். என் சம்சாரத்துக்குத் தங்கச்சி முறை.

சந்தையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று வண்டியை எடுத்துப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் கரண்டு போய் மில் நின்றது. வெட்டிப்போட்ட மிச்சத் துண்டை எடுத்துத் தட்டினேன். டொக். துண்டு சின்னது, அப்படித்தான் வரும் என்று நினைத்தேன். அதே அளவில் வேறொரு துண்டு கிடந்தது. அதைத் தட்டினேன், பேசியது. மறுபடி முதல் துண்டு. டொக். விரிசல் இந்தத் துண்டோடு நின்றதா, மாட்டின பாதிக்குள்ளும் ஓடிக் கணவாய் இறக்கத்தில் பட்டை முறியுமா, யாரைப் போய்க் கேட்பது?

கணவாய் ரோடு சந்தையைச் சுற்றித்தான் வரும். கரும்புக்கொல்லைக்குள் குறுக்கே ஓடினேன். இலை முகத்தில் அறுத்தது. டயரில் காத்து கம்மி என்று சொல்லலாம். ஒரு நட்டு மறந்துட்டேன் என்று சொல்லலாம். தட்டினேன், ஆனால் கேட்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் எந்த வாயால் சொல்வது?

நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். மூச்சிரைப்பில் குரல் வரவில்லை. வண்டி வளைவில் திரும்பியது. வழியனுப்ப வந்தேன் என்று நினைத்தானோ என்னமோ, குப்புராஜ் இரண்டு தரம் ஆரன் அடித்தான். வேகம் குறையவில்லை. அப்போதுதான் உறைத்தது. சடக்கென்று பிரேக் போட்டால் பாரமெல்லாம் முன்பட்டைக்குத்தான் வரும். விரித்த கைகளைத் தாழ்த்தி, மெள்ள, மெள்ள என்று ஆட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் மதலேனம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு கை தட்டை நெஞ்சோடு அணைத்தது. இன்னொரு கை, என்னைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, குப்புராஜின் தோளைத் துழாவிப் போனது.