வாப்பாவின் குரலில் றைஸ் குக்கர்

வாப்பா என் முன்னால் உட்கார்ந்து தேநீரில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த வீட்டிலிருந்து அவருடைய குரல் கேட்டது. "அஸ்ஸலாமு அலைக்கும். ஜமாஅத்தார்களுக்கு ஓர் அறிவித்தல்." மதிலுக்கு அப்பால் றாபியா மாமி, யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்து, "இன்னாலில்லாஹி" என்று நெஞ்சில் கைவைத்திருப்பார். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல், அதே நிதானத்தில், றைஸ் குக்கருக்குப் பாதி விலை என்று சொன்னது. வாப்பா பிஸ்கட்டை மெல்லவும் மறந்துபோனார்.

எங்கள் சாய்ந்தமருதில் யாராவது மவுத்தானால் பள்ளிவாசல் வட்ஸ்அப் குழுவில் அந்த மரணச் செய்தியைச் சொல்வது வாப்பாதான். ஒலிபெருக்கியில் சொன்னால் கடற்கரைக் காற்று பாதியை அள்ளிக்கொண்டு போய்விடும். கத்தாரில் இருக்கிற பிள்ளைகளுக்கோ எட்டவே எட்டாது. வாப்பாவின் குரல் அவசரப்படாது. பெயர், தெரு, ஜனாஸா அடக்கம் எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். அதைக் கேட்டால் வலை தைக்கிறவர்கள்கூட ஊசியை வைத்துவிடுவார்கள். ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்தக் குக்கர் வேலையைச் செய்தவன் மாமியின் மகன் றமீஸ். முகநூலில் கடை வைத்திருக்கிறான். அன்று மாலையே புதுக் குக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். பாவம், முகம் வாடிப்போயிருந்தது. குழுவில் கிடந்த பழைய அறிவித்தல்களைக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவை வைத்து வாப்பாவின் குரலைப் போலவே செய்தானாம்.

"முகம் தெரியாத கடையில ஆர் மாமா வாங்குவான்? ஒங்கட குரல்ண்டா ஊரே நம்பும். அதான்."

"சாமான் நல்லதா?"

"அல்லாவுக்காக, நல்ல சாமான் மாமா."

"அப்ப ஒன்ட குரல்ல செல்லியிருக்கலாமே மகன்."

றமீஸ் போனை எடுத்தான். அந்தப் பதிவை எங்கள் முன்னாலேயே அழித்தான். குக்கரை வாப்பா வாங்கவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு கடையை ஓட்டுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் அழித்தது அவனுடைய பக்கத்திலிருந்து மட்டும்தான். ஊரின் போன்களில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. சிறுவர்கள் வாப்பாவைக் கண்டால் "ஜமாஅத்தார்களுக்கு ஓர் அறிவித்தல்" என்று இழுத்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கே ஒருமுறை சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் மர்சூக் காக்கா மவுத்தானார். தோணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டு நின்றவர் மணலில் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, முடிந்தது என்றார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா. வாப்பா மூச்சை இழுத்துவிட்டு, வழக்கம்போல பதிவுசெய்து குழுவில் போட்டார். முதலில் வந்தது ஒரு சிரிப்புப் படம். அடுத்தது, "இந்த முற என்ன, ஃபேனா?" அதற்குக் கீழே இன்னும் இரண்டு சிரிப்பு. பிறகு யாரோ உண்மையைச் சொல்லி எல்லாரும் அழித்தார்கள். அதற்குள் வாப்பா படித்துவிட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"மகள், ஸ்கூட்டிய எடுங்க. வீடு வீடாப் போய்ச் செல்லுவம்."

தெருத்தெருவாகப் போனோம். வாப்பா இறங்கி, ஸலாம் சொல்லி, செய்தியைச் சொன்னார். ஆட்கள் அவரை நேரில் பார்த்ததும் தலையைக் குனிந்தார்கள். சிலர் மன்னிப்பும் கேட்டார்கள். கடைசியாக மருதமுனைக்குப் போனோம். அங்கேதான் மர்சூக் காக்காவின் தங்கை நஸ்லின் இருக்கிறார். ஆஸ்பத்திரி ஓட்டத்தில் ஆளுக்காள், தங்கைக்கு மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துவிட்டார்கள்.

நஸ்லின் ராத்தா எங்களைக் கண்டதும் வாசல் படலையடிக்கு ஓடிவந்தார். கையில் போன். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று.

"பளீல் காக்கா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இதப் பாருங்களன், எங்கட மர்சூக் நானாட பேரச் செல்லி ஒங்கட குரல்ல ஒண்டு வந்திருக்கு. நான் நம்பவேயில்ல. இது அந்த மெசின் கதைச்சதுதானே? நீங்க இல்லத்தானே?"

வாப்பா தொப்பியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். நஸ்லின் ராத்தா படலையைத் திறக்காமல், இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை விடாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.