சாட்சி சொல்லப் போன ராயப்பன்

சிஸ்டர் செலினுக்குப் புனிதர் பட்டம் கேட்டு விசாரணை தொடங்கியபோது, சாட்சி சொல்ல ராயப்பனையும் விழுப்புரத்துக்கு அழைத்திருந்தார்கள். அவர் திண்டிவனத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிஸ்டருக்கு ஒருகாலத்தில் நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையும் அவர்தான். அப்போது அவள் பெயர் இளவரசி.

விசாரணை நடந்த சாமியார் பங்களா வாசலில் பேனர் கட்டியிருந்தது. மூவர்ணக் கொடிக்கு நடுவே சிஸ்டர் படம். கீழே, 'பாரதம் உலகுக்குத் தந்த புனித மலர்'. ராயப்பன் கிட்டப் போய்ப் பார்த்தார். ரோஜா நிறத்தில் வேறு யாரோ ஒரு பெண். இளவரசி நல்ல கறுப்பு. சிரித்தால் ஈறு தெரியும்.

விசாரித்தவர் அலெக்ஸ் என்ற இளம் குருவானவர். பைபிளில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டுக் கேட்டார்: "சின்ன வயசுலயே ரொம்ப பக்தியா இருந்தாங்களாங்கய்யா?"

"பக்தியா? மல்லாட்டைக் கொல்லையில களை வெட்டிக்கினே சினிமாப் பாட்டு பாடுவா சாமி. அடுத்த ஊருக்குக் கேக்கும்."

சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்குப் படம் பார்க்கப் போனது, திரும்பும் வழியில் டயர் வெடித்தது, தள்ளிக்கொண்டே வந்த தூரமெல்லாம் அவள் வாய் ஓயாதது. அந்த மாசியில்தான் அவள் அப்பா செத்துப்போனார். ஊர்க் கல்லறையின் நடுவே ஒரு சுவர் இருந்தது. சேரிப் பிணம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்றார்கள்.

"பாடையை எடுக்க வுடாம கல்லறை கேட்டுக்கு முன்னால குந்திட்டா சாமி. ஒரே சாமி ஒடம்பத்தானே பூசையில எல்லாரும் நாக்குல வாங்குறோம், மண்ணுல மட்டும் ஏன் வேற வேறன்னு கேட்டா. பொழுது சாய்ஞ்சப்புறம் அந்தப் பக்கமே பொதைச்சோம். மறுவாரம் வந்து, 'மாமா, நான் மடத்துக்குப் போறேன். சுவரு கட்டுனவங்ககிட்டயே சாமிய வுட்டுட்டு இருக்க மாட்டேன்'னா."

அலெக்ஸ் பேனாவை மூடினார். "நாட்டுக்கே பெருமையான விஷயம்ங்கய்யா. சுவரப் பத்தி எழுதினா, வெளிநாட்டுல நம்மள என்ன நெனைப்பாங்கன்னு பெரியவங்க யோசிப்பாங்க."

"அந்தச் சுவரும் இந்த நாட்டுலதானே சாமி நிக்குது? அத வுட்டுட்டு அவள எப்படி எழுதுவீங்க?"

அலெக்ஸ் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "எங்க ஊர்லயும் ஒரு சுவர் இருக்குதுங்கய்யா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் ராயப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் ஜங்ஷனுக்கு நடந்தார். இங்கேதான் அவளை ரயிலேற்றிவிட்டார். தகரப் பெட்டியை மேலே தூக்கிக் கொடுத்தபோது, "கோவமா மாமா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினார். பாதி பொய். அதன்பின் ஒடிசாவின் ஏதோ ஒரு காட்டு ஊரில், காய்ச்சல்காரர்களைப் பார்த்துக்கொண்டே அதே காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்த செய்திதான் வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டார். புனிதை என்று கூப்பிட நாக்கு வரவில்லை.

"இளவரசி," என்றார் மெல்ல. "முட்டி ரொம்ப நோவுது. அங்க யார்கிட்டயாவது கொஞ்சம் சொல்லேன்."