ஐநூறுக்கு மேல்

2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் நகருக்கு வெளியே இருந்த கார்வர் அடுப்புத் தொழிற்சாலை தன் கொள்முதல் பிரிவை மூடியது. பதினோரு பேருக்கு வேலை போனது.

அவர்களில் மூத்தவள் நடீன் ஹாலிஸ். ஐம்பத்தேழு வயது, இருபத்திரண்டு வருட வேலை. மற்றவர்கள் பூந்தொட்டியையும் குடும்பப் படங்களையும் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் தன் அலுவலக முகவரிப் பட்டியலைத் தன்னுடைய சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டாள். ஆயிரத்து நூற்று நாற்பது பெயர்கள். எதற்கென்று அப்போது தெரியாது. அங்கிருந்து எடுத்துப்போக அவளுக்கென்று வேறு எதுவும் இருக்கவில்லை.

கோடை முழுக்க நாற்பத்தோரு விண்ணப்பங்கள் போட்டாள். ஓரிடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. செப்டம்பரில், நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் வேலை தேடுவோருக்கு நடந்த வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பெடுத்த கர்ட்டிஸ் தானும் மூன்று முறை வேலை இழந்தவன். தொழில் தொடர்புகளுக்கான ஓர் இணையதளத்தில் எல்லோரையும் கணக்குத் திறக்கச் சொல்லி, ஒவ்வொருவருடைய திரையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தவன், அவளுடையதைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நூத்தி நாப்பத்தி மூணு தொடர்புதானா? நடீன், இத வெளிய சொல்லிடாதீங்க."

"எனக்குத் தெரிஞ்சவங்க அவ்வளவுதான்."

"தெரிஞ்சிருக்கணும்னு யாரு கேட்டா? ஐநூறு வரைக்கும்தான் அது எண்ணும். அதுக்கப்புறம் 'ஐநூறுக்கு மேல்'னு போட்டுட்டு விட்டுடும். ஐநூத்தி ஒண்ணும் அதேதான், அம்பதாயிரமும் அதேதான். அந்தக் கோட்டத் தாண்டுங்க, போதும்."

அன்று மாலை கணவன் வெஸ்ஸிடம் இதைச் சொன்னாள். அவன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.

"ஐநூறு பேரா? நம்ம கல்யாணத்துக்கே தொண்ணூறு பேருதான் வந்தாங்க. அதுலயும் பாதி உங்கப்பா வச்சிருந்த பீருக்காக."

"சும்மா இரு, வெஸ்."

கார்வரிலிருந்து கொண்டுவந்த முகவரிப் பட்டியலை அந்தத் தளத்தில் ஏற்றினாள். பெயர்களைக் காட்டும், வேண்டியவர்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்துத்தான் பெரிய நீலப் பொத்தானை அழுத்தினாள். தளம் எதையும் கேட்கவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் ஒரே நொடியில் அவள் பெயரில் அழைப்பு போனது. திருகாணி விற்றவர்கள், லாரி அனுப்பியவர்கள், எப்போதோ ஓய்வு பெற்றவர்கள், அநேகமாக இறந்துபோன சிலர். அவள் கைகழுவிவிட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

இரண்டு வாரத்தில் எண்ணிக்கை நானூற்று அறுபதைத் தொட்டது. நடீன் அதைக் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒரு நாளைக்குப் பத்து முறை பார்த்தாள். நானூற்று அறுபத்து மூன்றாவது தொடர்பாக வந்து சேர்ந்தவர் ஆர்லன் வெட்ஸல். எதுவும் எழுதவில்லை, ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான். பெயருக்குக் கீழே 'பள்ளிப் பேருந்து ஓட்டுநர்' என்றிருந்தது.

பதினேழு வருடம் கார்வர் அடுப்புகளின் திருகு குமிழ்களெல்லாம் ஆர்லனின் பட்டறையில்தான் வார்க்கப்பட்டன. பதினான்கு பேர் வேலை பார்த்த இடம். இரண்டு வருடங்களுக்கு முன் குமிழ்களை மெக்சிகோவிலிருந்து வாங்குவதென்று மேலே முடிவானது. நடீன் அவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினாள். வேறு வழியில் செல்ல முடிவு செய்திருக்கிறோம், உங்கள் முயற்சிகள் சிறக்க வாழ்த்துகள். அந்த வாரம் அவர் ஒன்பது முறை அழைத்தார். மேசையில் தொலைபேசி ஒவ்வொரு தடவையும் அடித்து ஓய்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவானபின் பேசக்கூடாது என்பது நிறுவன விதி. அது விதிதான் என்று தனக்குத்தானே இரண்டு வருடமாகச் சொல்லிவந்தாள்.

அக்டோபர் மத்தியில், மருத்துவமனைக் கட்டில்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் மேலாளர் டாரன் ஷூல் அவளை அழைத்தார். மார்ச்சுக்குப் பிறகு வந்த முதல் நேர்காணல். நாற்பது நிமிடம் பேசினார்கள். அவளுடைய வயதைக் கேட்காமலேயே, அனுபவசாலிதான் தனக்கு வேண்டும் என்றார். முடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இந்தத் தளத்துல பாத்தேன், நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தர் இருக்காரு. ஆர்லன். எங்க சர்ச்சுல அவர்தான் பாடுவாரு. உங்களப் பத்தி அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். சம்பிரதாயத்துக்குத்தான்."

"தாராளமா கேளுங்க," என்றாள் நடீன்.

மறுநாள் காலை முழுக்கச் சமையலறையில் நின்றாள். காபிக்குத் தண்ணீர் வைக்க அடுப்பைத் திருகினாள். அது கார்வர் அடுப்பு, பழையது. விரலுக்குள் இருந்த கறுப்புக் குமிழ் ஆர்லனுடையது. வெஸ் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "கூப்பிட்டுத்தான் பாரேன். கடிச்சா தின்னுடப் போறாரு?" என்றான். பத்து மணிக்கு அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வெட்ஸல்."

"ஆர்லன், நான் நடீன். கார்வர்ல இருந்த நடீன்."

பின்னால் நாய் குரைத்தது.

"காலை டிரிப் முடிச்சு இப்பத்தான் வந்தேன். சொல்லுங்க."

"டாரன் ஷூல் உங்ககிட்ட பேசுவாரு..."

"நேத்து சாயங்காலமே பேசிட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். கெட்டிக்காரி. பொய் பேச மாட்டாங்க. சரக்கு சரியில்லன்னா அன்னிக்கே முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு நாள் வேணாம்னு முடிவாயிட்டா மட்டும் போன எடுக்க மாட்டாங்கன்னும் சொன்னேன். அதுவும் உண்மைதானே?"

நடீன் அடுப்பை அணைத்தாள். விதியைப் பற்றி இரண்டு வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் வாய்வரை வந்தது. அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"அப்ப என் அழைப்ப எதுக்கு ஏத்துக்கிட்டீங்க? யாருன்னு பாக்காம அமுக்கிட்டீங்களா?"

"பேரப் பாத்துட்டுத்தான் அமுக்கினேன்."

"எதுக்கு, ஆர்லன்?"

"அன்னிக்கு ஒன்பது தடவ நான் கூப்பிட்டேன், நடீன். பத்தாவது தடவ நீங்க கூப்பிட்டீங்க. நான் எடுக்க வேணாமா?"

நாயை அதட்டினார். மதியத்துக்கு முன் டீசல் போட வேண்டும் என்றார். வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை டாரன் ஷூலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு வரி. வாசித்ததும் அவர் எண்ணுக்கு அழைத்தாள். ஏழு முறை மணி அடித்து, செய்தி விடும்படி ஒரு குரல் சொன்னது. வெள்ளிக்கிழமை மறுபடியும் அழைத்தாள். திங்கட்கிழமையும்.

நவம்பர் 2 அன்று, டேட்டன் நகரில் அட்டைப்பெட்டி விற்கும் ஒருவர் அவளுடைய அழைப்பை ஏற்றார். அவரை அவளுக்கு நினைவில்லை. அவள் பெயருக்குக் கீழே 'ஐநூறுக்கு மேல்' என்று வந்தது. அதன்பின் அது மாறவில்லை.