குன்றேறிய அண்டா

எங்கள் நமங்கான் ஊர் மாவு மில்லுக்கு ஆரோக்கிய சனிக்கிழமை என்று ஒரு பீடை வந்து சேர்ந்தது. ஆபீஸ்காரர்களுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து தொந்தி விழுந்துவிட்டதாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த முதலாளி பதிர் ஹமீதோவிச், மில்லில் உள்ள எல்லோரும் குன்று ஏறவேண்டும் என்று சொல்லிவிட்டார். மூட்டை தூக்கும் நாங்களும்தான்.

என்னோடு மூட்டை தூக்கும் தோஷ்புலாத் அண்ணனுக்கு இடுப்புப் பிடித்திருந்தது. சனி, ஞாயிறு அசையாமல் படுக்காவிட்டால் இனி மூட்டையையே தொட முடியாது என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். அவர் தூக்கினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். முதலாளியிடம் நானே போய்க் கேட்டேன்.

"அவரு வாரம் பூரா தூக்குறாரு ஐயா. நாளைக்கு மட்டும் விட்டுருங்க."

"அது வேலைப்பா, இது உடற்பயிற்சி. ரெண்டும் ஒண்ணா?" என்று சிரித்தார். "வராதவன் திங்கக்கிழமையும் வர வேணாம்."

பலாவ் என்னும் கறிச்சோறு இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் குன்றுக்குப் போவதில்லை. அதையும் மேலேயே சமைத்துச் சுடச்சுடத் தின்றாக வேண்டும். ஜீப் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. புது டிராக்சூட்டில் மினுமினுத்தவர்கள் எல்லோரும் ஜீப்பிலிருந்த இரும்பு அண்டாவைப் பார்த்தார்கள், பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் பழகுனவங்க," என்றார் கணக்கர் ஷெர்சோத். தன் தண்ணீர் பாட்டிலையும் என் தோளில் மாட்டிவிட்டார்.

"உள்ள ஏறி உக்காந்துக்கச் சொல்லுடா தம்பி, அவரையும் சேத்துத் தூக்கிருவோம்," என்று அண்ணன் முனகினார். முகம் வெளுத்திருந்தது. அண்டாவின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அவர்கள் கைவீசி நடந்தார்கள், வளைவுக்கு வளைவு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

சாப்பாடு முடியும் வேளையில் அண்ணன் எழப் பார்த்தார். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது என்றார்.

முதலாளி விரலில் வழிந்த கொழுப்பை நக்கிக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார்.

"பாத்தீங்களா? உடற்பயிற்சியே பண்ணாத உடம்பு. ஒரு குன்றுக்கே மடங்கிருச்சு."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் வாயிலிருந்த சோற்றைத் துப்பினேன்.

முதலாளி மேஸ்திரி பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமைக்கு வேற ஆளப் பாரு. கொஞ்சம் ஓடியாடுற உடம்பாப் பாரு."